பாகப்பிரிவினைக் கணக்கும் புரதக் கணக்கும்

உயிரணுக்களில் பொதிந்துள்ள செய்திகளைக் கணக்கிட்டு ஆராயும் கணினி உயிரியலுக்கு உயிரியல் அறிவு மட்டும் போதாது. கணித அறிவு மட்டும் போதாது. இரண்டையும் ஒரே மாணவருக்குக் கற்பிப்பது எவ்வாறு? இது நம் காலத்தில் தோன்றிய வினா எனப் பலரும் கருதுகின்றனர். வரலாற்றை நோக்கின் இது மிகப் பழையது என்பது புலனாகும்.

கணினி பின்பற்றும் செயல்முறையை அல்காரிதம் என்பர். இச்சொல் முஹம்மது இப்னு மூஸா அல் குவாரிஸ்மியின் பெயர் லத்தீனில் பெற்ற வடிவத்திலிருந்து பிறந்தது. கலீஃபா மஃமூன் (ஆட்சி 813-833) காலத்தில் பக்தாதில் வாழ்ந்த அவ்வறிஞரின் 'அல்ஜப்ர் வல் முகாபலா' நூலை நம்மில் பலர் அறிவோம். அதன் பிற்பகுதி முழுவதும் வஸிய்யத், வாரிசுரிமைக் கணக்குகளே என்பதை அறிந்தோர் சிலரே.

அவற்றுள் ஒன்றைக் காண்போம். ஒருவர் இரு புதல்வரை விட்டு இறக்கிறார். சொத்தில் மூன்றில் ஒரு பங்கை அந்நியர் ஒருவருக்கு வஸிய்யத் செய்துள்ளார். கையிருப்பு 10 திர்ஹம். ஒரு மகன் தந்தைக்குத் தரவேண்டிய கடன் 10 திர்ஹம். கணக்கு மட்டும் அறிந்தவர் இருபதை மூன்றாக வகுத்துவிடுவார். கையில் உள்ளதோ பத்துத்தான். எனவே, கடன்பட்ட மகனுக்குச் சேரவேண்டிய பங்கின் அளவுக்கே கடன் வசூலானதாகக் கொண்டு, அறியாத அத்தொகைக்கு 'ஷைஉ' எனப் பெயரிட்டுச் சமன்பாடு அமைக்கிறார் அல் குவாரிஸ்மி. விடை 5. அந்நியருக்கும் மற்ற மகனுக்கும் கையிருப்பில் ஐந்தைந்து. கடன்பட்டவனுக்குக் கடனில் ஐந்து கழிவு. சமன்பாட்டைத் தீர்த்தது கணிதம். அதில் எதை எழுதவேண்டும் என்று சொன்னது ஃபிக்ஹு.

இருபதாம் நூற்றாண்டின் புரத ஆய்விலும் இம்முறையையே காண்கிறோம். 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோர் புரதச் சங்கிலியின் மடிப்பை இரு கோணங்களால் குறித்து ஒரு வரைபடம் ஆக்கினர். வடிவியல் எல்லாக் கோணங்களுக்கும் இடம் தரும். அணுக்கள் ஓரளவுக்கு மேல் நெருங்கா என்னும் வேதியியல் அறிவு அவற்றுள் பெரும்பாலானவற்றை விலக்கிற்று. புரத அமைப்புகளைச் சரிபார்க்க அவ்வரைபடம் இன்றும் உரைகல்லாக விளங்குகிறது. அமெரிக்காவில் குவாண்டம் வேதியியல் கற்ற மார்கரெட் டேஹாஃப், பல் மருத்துவமும் இயற்பியலும் பயின்ற ராபர்ட் லெட்லியுடன் இணைந்து, துண்டுகளாகக் கிடைத்த புரத வரிசைகளைக் கோக்கும் கணினி நிரலை உருவாக்கினார். 1965இல் அவர் குழுவினர் 65 புரதங்களின் வரிசைத் தொகுப்பை வெளியிட்டனர்.

இவற்றிலிருந்து பெறப்படுவது யாது? கால அட்டவணையில் இரு பாடங்களை அடுத்தடுத்து வைத்துவிட்டால் இருதுறைப் பயிற்சி ஆகிவிடாது. ஒரே சிக்கலை இரு துறையின் கண்களாலும் காண மாணவர் பழகவேண்டும்.

நம் அரபுக் கல்லூரி மாணவர் ஃபராயிள் விதிகளை மனனம் செய்கிறார். இயற்கணிதம் அங்கே வளர்ந்தது என்பதை அறியாமலே ஸனது பெறுகிறார். பொறியியல் பயிலும் அவர் தம்பி அல்காரிதம் என்று நாள்தோறும் சொல்கிறார். அச்சொல்லுக்குரியவர் பாகப்பிரிவினைக்குக் கணக்கு எழுதியவர் என்பதை அவரும் அறியார். முன்னோர் பெருமையை மேடைகளில் பேசும் நாம், அவர்கள் பயின்ற முறையைக் கைவிட்டோம். அதை மீட்கப் பெருஞ்செலவு தேவையில்லை. ஃபராயிள் வகுப்பில் வாரம் ஒருநாள் கணித ஆசிரியர் ஒருவரும் உஸ்தாதின் அருகே அமரட்டும். ஒரே கணக்கை இருவரும் விளக்கக் கேட்டு வளரும் மாணவர், நாளை எந்த ஆய்வுக்கூடத்திற்குச் சென்றாலும் இரு துறைகளுக்கிடையே தயங்கி நிற்கமாட்டார்.