திரை விலையும் கைக்கு வரும் விலையும்: புதிய கிரிப்டோ நாணயங்களில் குறுகியகால வணிகம்

புதிதாக அறிமுகமாகும் கிரிப்டோ நாணயத்தை வாங்கிச் சில நிமிடங்களில் விற்றுவிடும் வழக்கத்தை ஊக வணிகம் என்று வகைப்படுத்துவது வாடிக்கை. அந்த வகைப்பாடு பொருந்தாது. ஊக வணிகர் பருத்தி விளைச்சலையோ ஒரு நிறுவனத்தின் லாபத்தையோ முன்கூட்டிக் கணிக்கிறார். கணிப்பு சரியா தவறா என்பதை அவருக்கு வெளியே இருக்கும் ஒன்று தீர்மானிக்கிறது. நேற்றுப் பிறந்த மீம் காயினுக்கு, அதாவது இணைய நகைச்சுவையை ஒட்டி உருவாக்கப்படும் நாணயத்துக்கு, அப்படி வெளியே எதுவும் இல்லை. அதை வாங்குபவர் வாங்குவது வரிசையில் ஓர் இடத்தை. எல்லாச் சந்தைக்கும் இது பொருந்துமே, 1936இலேயே கெய்ன்ஸ் பங்குச் சந்தையை அழகு முகங்களைத் தேர்ந்தெடுக்கும் பத்திரிகைப் போட்டிக்கு ஒப்பிட்டாரே என்று கேட்கலாம். அவருடைய போட்டியில் புகைப்படங்களாவது இருந்தன.

விலை உருவாகும் விதத்தைப் பார்த்தால் இது விளங்கும். யூனிஸ்வாப் போன்ற கிரிப்டோ பரிமாற்றத் தளங்களில் வாங்குபவருக்கு எதிரே விற்பவர் இல்லை. இருவகை நாணயங்கள் கிடக்கும் ஒரு குளம் இருக்கிறது. இரண்டின் அளவையும் பெருக்கினால் வரும் தொகை மாறக்கூடாது என்பதே விதி. குளத்தில் ஏற்கெனவே புழங்கும் சொலானா என்ற கிரிப்டோ நாணயம் 100உம் 10 லட்சம் புதிய டோக்கனும் இருப்பதாகக் கொள்வோம், கட்டணத்தை விட்டுவிடலாம். முதலாமவர் 100 சொலானா போட்டு 5 லட்சம் டோக்கன் பெறுகிறார். இரண்டாமவரும் 100 போடுகிறார். அவருக்குக் கிடைப்பது சுமார் 1,66,667 மட்டுமே. திரையில் விலை ஒன்பது மடங்காகிவிட்டது. அதன்படி முதலாமவரின் கையிருப்பு 450 சொலானா பெறும். ஆனால் குளத்தில் இருப்பதே 300தான். அவர் முதலில் விற்றால் 180 கிடைக்கும், அடுத்து விற்கும் இரண்டாமவருக்கு 20. இரண்டாமவர் முந்திக்கொண்டால் இருவரும் போட்ட 100ஐ அப்படியே திரும்பப் பெறுவார்கள். இதில் யாருடைய கணிப்பும் பலிக்கவில்லை, பொய்க்கவுமில்லை. வெளியேறிய வரிசை மட்டுமே மாறியது.

2021 நவம்பர் 1 அன்று ஸ்குவிட் என்ற டோக்கன் 2,800 டாலரைத் தாண்டி, சில நிமிடங்களில் ஏறத்தாழச் சுழியமானது. வாங்கியவர்களில் பெரும்பாலோரால் அதை விற்கவே முடிந்ததில்லை. அதை வெறும் மோசடி என்று ஒதுக்கிவிடுகிறோம். திரை விலைக்கும் கைக்கு வரும் விலைக்கும் உள்ள இடைவெளி அங்கே முழுமை பெற்றது என்பதே சரி. 2025 பிப்ரவரி 14 அன்று அர்ஜென்டினா அதிபர் மிலேய் தம் பதிவில் முன்னிறுத்திய லிப்ரா நாணயம் விற்கக்கூடியதாகத்தான் இருந்தது. அதன் சந்தை மதிப்பு 400 கோடி டாலரைக் கடந்ததாகக் காட்டப்பட்டு, சில மணி நேரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கரைந்தது. கரைந்த தொகையில் பெரும்பகுதி யார் கையிலும் ஒருபோதும் இருந்ததில்லை, நம் கணக்கில் வந்த 450ஐப் போல.

எல்லாம் பிளாக்செயின் என்ற பொதுப் பதிவேட்டில் இருக்கிறதே, வரிசையில் முந்துவதற்கு எல்லோருக்கும் வாய்ப்பு உண்டே என்பது வலுவான மறுப்பு. 2024 ஜனவரியில் தொடங்கிய பம்ப்.ஃபன் தளம் முன்விற்பனையே கிடையாது என்பதைத் தன் நியாயமாக முன்வைத்தது. ஆனால் அது இயங்கும் சொலானா பிளாக்செயினில் பதிவுகளின் ஒரு தொகுதிக்கு (பிளாக்) ஆகும் நேரம் ஏறத்தாழ 0.4 விநாடி. நாணயம் பிறக்கும் அதே நொடியில் வாங்கும்படி எழுதப்பட்ட 'ஸ்னைப்பர்' நிரலுக்கும் கைபேசியை விரலால் தட்டுபவருக்கும் ஒரே பதிவேடு திறந்திருப்பது உண்மை; அதைப் படிக்கும் வேகம் ஒன்றல்ல. உருவாக்கியவரே பல கணக்குகளில் ஒளிந்துகொண்டு முதல் இடங்களைப் பிடிப்பதை அந்தப் பதிவேட்டில் எதுவும் தடுப்பதில்லை.

சூதாட்டம் என்று தெரிந்துதானே ஆடுகிறார்கள் என்பது இன்னொரு மறுப்பு. லாட்டரியில் முதல் சீட்டுக்கும் கடைசிச் சீட்டுக்கும் வாய்ப்பு ஒன்றே, இங்கே அப்படியில்லை. இந்தியாவில் ஆடுபவருக்கு இன்னொரு சுமையும் உண்டு: 2022 ஏப்ரல் முதல் லாபத்துக்கு 30 சதவீத வரி, ஒரு நாணயத்தின் நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க அனுமதியில்லை. ஐந்து நாணயங்களில் 1 லட்சம் ஈட்டி, வேறு ஐந்தில் 1 லட்சம் இழந்தவர் கையில் எதுவும் மிஞ்சாமலே 30,000 ரூபாயும் செஸ்ஸும் கட்டவேண்டும். ஒழுங்குமுறையாளர்கள் பலர் தடையா அனுமதியா என்ற விவாதத்திலேயே நிற்கிறார்கள். கடைசி விலையை நாணயங்களின் எண்ணிக்கையால் பெருக்கிச் 'சந்தை மதிப்பு' என்று காட்டுவதை நிறுத்தி, இப்போதே விற்றால் கைக்கு வருவது எவ்வளவு என்று காட்டச் சொல்வது அதைவிட எளிது. அதைக் கணக்கிடப் புதிய தரவு எதுவும் வேண்டாம். விலையைத் தீர்மானிக்கும், குளத்தின் அதே இரண்டு எண்களும் விற்பவரின் கையிருப்பும் போதும்.