இலக்கணமும் அளவையியலும்: பாக்தாதில் நிகழ்ந்த ஒரு சொற்போர்

அப்பாசியக் கலீஃபா அல்-மன்சூர் கி.பி. 762இல் நிறுவிய பாக்தாது நகரம், அடுத்த இரு நூற்றாண்டுகளில் கிரேக்க அறிவியல், மருத்துவ, மெய்யியல் நூல்களுள் பெரும்பகுதியை அரபு மொழிக்குக் கொணர்ந்தது. இப்பணியைக் கூறும் வரலாறுகள் பெரும்பாலும் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கைப் (இறப்பு 873) போற்றி நிறைவுறும். கேலனின் 129 நூல்கள் யாரால், யாருக்காக மொழிபெயர்க்கப்பட்டன என்று மடல் ஒன்றில் பதிந்து வைத்தவர்; பல சுவடிகளை ஒப்பிட்டு மூலத்தைச் செம்மை செய்த பின்னரே பெயர்க்கத் தொடங்கியவர். அவர் போற்றுதலுக்குரியவர் என்பதில் ஐயமில்லை. ஆயினும், மொழிபெயர்ப்பு இயக்கம் முழுவதையும் நோக்கி அரபு இலக்கணிகள் எழுப்பிய வினா அத்தகைய கவனத்தைப் பெறவில்லை. ஒரு மொழியிற் பிறந்த பொருளை அம்மொழியிலிருந்து பிரித்தெடுக்க இயலுமா என்பதே அவ்வினா.

930களில் அமைச்சர் இப்னுல் ஃபுராத்தின் அவையில் இவ்வினா நேருக்கு நேர் வாதமாயிற்று. ஒருபுறம் மத்தா இப்னு யூனுஸ்; நெஸ்தோரியக் கிறித்தவர், அரிஸ்டாட்டிலின் அளவை நூல்களைக் கற்பித்தவர். மறுபுறம் அபூ சயீத் அஸ்-சீராஃபி. சீபவைஹியின் இலக்கணத்துக்குப் பேருரை கண்டவர். மெய்யையும் பொய்யையும் பிரித்தறியும் கருவி அளவையியல் ஒன்றே என்பது மத்தாவின் நிலைப்பாடு. நாலும் நாலும் எட்டு என்பது எல்லா இனத்தார்க்கும் ஒன்றாயிருப்பதைப் போலவே கருத்துகளும் பொதுவானவை என்றார் அவர். எல்லாம் அத்துணை எளிதாயின் உலகில் கருத்து வேறுபாட்டுக்கே இடமிராது என்று சீராஃபி மறுத்தார். அளவையியலைக் கிரேக்கர் ஒருவர் தம் மொழியை ஒட்டி வகுத்தார். அதனைத் துருக்கியரும் இந்தியரும் பாரசீகரும் அரபியரும் ஏன் நடுவராக ஏற்க வேண்டும்? நீர் அழைப்பது அளவையியலுக்கன்று, கிரேக்க மொழிக்கே. அம்மொழியையோ நீரே அறியீர் என்பது அவர் வாதத்தின் சாரம்.

அடி சரியான இடத்தில் விழுந்தது. மத்தா பெயர்த்த நூல்கள் சிரியாக் மொழி வழியாக வந்தவை. இருமுறை மொழி மாறிய பொருள் மாறாமல் நிற்கும் என்பதற்கு என்ன உறுதி என்று சீராஃபி வினவினார்.

அடுத்து அவர் தொடுத்த வினாக்கள் மொழியியலாளர்க்குச் சுவை மிக்கவை. ‘உம்’ என்னும் பொருளுடைய அரபு இடைச்சொல் ‘வ’ எத்தனை பொருளில் வரும் என்றார். அது இலக்கணத்தின் பாற்பட்டது, அளவையியலார்க்கு வேண்டுவதன்று என விடை வந்தது. ‘சைத் சகோதரர்களுள் சிறந்தவன்’, ‘சைத் தன் சகோதரர்களுள் சிறந்தவன்’ என்னும் இரு தொடர்களுள் எது சரி என்றார். இரண்டும் சரியே என்றார் மத்தா. இரண்டாவது பிழை என்பது சீராஃபியின் முடிபு. ஒருவனுடைய சகோதரர்கள் என்போர் அவனொழிந்த பிறரே. தான் அடங்காத தொகுதியுள் தானே சிறந்தவன் ஆதல் எங்ஙனம்? தமிழ்ச் செவி இவ்விரண்டாம் தொடரில் இடறுவதில்லை என்பது இங்கு எண்ணத்தக்கது. சீராஃபி பிழை கண்டது பொருளிலா, அரபுத் தொடரமைப்பிலா என்னும் ஐயம் அதனால் எழுகிறது. அந்த ஐயமே அவர் கட்சிக்கு ஒருவகையில் வலுச் சேர்க்கிறது.

அவையில் வென்றவர் சீராஃபி. ஆனால் இவ்வாதத்தைப் பதிவு செய்த அத்-தவ்ஹீதி, அதனைச் சீராஃபியிடமும் அர்-ரும்மானி என்னும் மற்றோர் இலக்கணியிடமும் கேட்டே எழுதினார். மத்தாவின் வாயிலிருந்து நமக்கு எதுவும் கிடைக்கவில்லை.

சிந்தனை மிக்க மறுமொழி, அதே வட்டத்தைச் சேர்ந்த அல்-ஃபாராபியிடமிருந்து (இறப்பு 950) வந்தது எனலாம். கிரேக்கத்தின் ‘எஸ்தின்’, பாரசீகத்தின் ‘ஹஸ்த்’ ஆகியவற்றுக்கு நிகரான இணைப்புச்சொல் அரபியில் இயல்பாக இல்லை என்பதை ‘எழுத்துகளின் நூல்’ என்னும் தம் ஆக்கத்தில் அவர் ஆராய்கிறார். தமிழின் ‘அவன் ஆசிரியன்’ போன்று அரபியிலும் பெயர்ப் பயனிலை வினையின்றி முடியும். மொழிபெயர்ப்பாளருட் சிலர் ‘ஹுவ’ (அவன்) என்னும் சுட்டுப்பெயரிலிருந்து ‘ஹுவிய்யா’ என்றொரு பண்புப்பெயரைப் படைத்தனர். வேறு சிலர் ‘காணப்பட்டது’ எனப் பொருள்படும் ‘மவ்ஜூத்’ என்பதை ஆண்டனர். பின்னதைக் கேட்பவர், கண்டவர் ஒருவர் உண்டு என மயங்கக்கூடும். அச்சொல்லின் வடிவம் தரும் பொருளை மறந்துவிட்டே அதனைக் கையாள வேண்டும் என ஃபாராபி எச்சரித்தார். ‘உள்’ என்னும் அடியிலிருந்து ‘உண்மை’ பெற்ற தமிழர்க்கு இவ்விடர்ப்பாட்டின் ஒரு பாதி எளிதாகத் தீர்ந்திருக்கும். மறுபாதி, அதாவது உளதாதலையும் இன்னது என இணைத்தலையும் ஒரே சொல்லாற் குறிப்பது, தமிழுக்கும் அரிதே.

மத்தாவின் பெயர் நிலைத்தது வேறொரு நூலால். அரிஸ்டாட்டிலின் கவிதையியலை அவர் சிரியாக்கிலிருந்து அரபாக்கினார். நாடக மரபு அறியாத அவர், துன்பியல் நாடகத்தைப் ‘புகழ்ப்பா’ என்றும் இன்பியல் நாடகத்தை ‘வசைப்பா’ என்றும் குறித்தார். துன்பியலைக் ‘கையறுநிலை’ எனத் தமிழாக்குவதை ஒத்த பிழை இது. கோர்தோபாவைச் சேர்ந்த இப்னு ருஷ்து (இறப்பு 1198) இதனையே நம்பி உரை வகுத்து, அரபுக் கவிதைகளை எடுத்துக்காட்டினார். அவ்வுரையை ஹெர்மான் என்னும் ஜெர்மானியர் 1256இல் தொலேதோவில் இலத்தீனில் பெயர்த்தார். மூர்பெக்கின் வில்லியம் 1278இல் கிரேக்கத்திலிருந்து நேரடியாகப் பெயர்த்தும், இடைக்கால ஐரோப்பா மிகுதியும் படித்தது ஹெர்மானின் நூலையே. சீராஃபி அஞ்சியது கண்கூடாக நிகழ்ந்தது.

எனினும் மத்தாவின் சொல்லுக்குச் சொல்லான பெயர்ப்பு வீணாகவில்லை. அவருக்கு மூலமான சிரியாக் நூலில் இன்று எஞ்சியிருப்பது ஒரு சிறு பகுதியே. அந்நூலுக்கு அடிப்படையான கிரேக்கச் சுவடியோ, இன்று கிடைக்கும் கிரேக்கச் சுவடிகளினும் பழமையானது. ஆகவே பாரிசில் உள்ள மத்தாவின் அரபுச் சுவடி, கவிதையியலின் கிரேக்க பாடத்தைத் திருத்துவோர்க்குச் சான்றாகிறது. 1887இல் அதனை அச்சேற்றிய மார்கோலியத் என்னும் ஆங்கில அறிஞரே 1905இல் பாக்தாதுச் சொற்போரையும் ஆங்கில மொழிபெயர்ப்புடன் வெளியிட்டார்.