சூரியன்மேல் விழுந்த பழி

தாது வருஷப் பஞ்சத்தில் (1876–78) சென்னை மாகாணத்து ஜனங்கள் லட்சக்கணக்கில் செத்தார்கள். தானியமோ ரயிலேறித் துறைமுகம் போனது. நிவாரண வேலைக்கு ரிச்சர்ட் டெம்பிள் விதித்த தினக்கூலி ஒரு பவுண்டு தானியமும் சில்லறையும். 1877இல் வானியலாளர் லாக்யரும் அதிகாரி ஹண்டரும் லண்டன் இதழொன்றில் எழுதினார்கள்: 11 வருஷச் சுழற்சியில் சூரியப்புள்ளிகள் குறையும்போது மழை குறைந்து பஞ்சம் வரும். குற்றவாளி வானத்தில் இருக்கான். வைஸ்ராய்கிட்ட கேக்க என்ன இருக்கு?

1899இல் கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் எழ இந்தக் கணக்கும் ஒரு காரணம். அந்தக் கணக்கை வைத்துப் பஞ்சத்தை யாராலும் முன்னறிவிக்க முடியவில்லை. ஆனால் 1909இல் எவர்ஷெட் அங்கேதான் சூரியப்புள்ளியில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டார். 1904 முதல் அங்கு சேர்ந்த சூரியப் படங்கள், சூரியப் புயல்களை முன்னுணர முயல்கிறவர்களுக்கு இன்று நூற்றாண்டு ஆவணம்.

எனவே காலனிய அறிவியல் மொத்தமும் புரட்டு என்று ஒதுக்குகிற நம் தோழர்களோடு நான் உடன்படவில்லை. படங்கள் பொய் சொல்லவில்லை. பஞ்சத்துக்கான பதிலைச் சூரியனிடம் தேடியதில்தான் அதிகாரம் ஒளிந்திருந்தது. 1989 மார்ச்சில் சூரியப் புயலால் கியூபெக்கில் சுமார் 60 லட்சம் பேர் மின்சாரமின்றித் தவித்தார்கள். அதற்குப்பின் முன்னறிவிப்பு வளர்ந்திருக்கிறது. எச்சரிக்கை வந்ததும் யார் வீட்டு விளக்கை முதலில் அணைப்பது என்பதைச் சூரியனா தீர்மானிக்கும்?