பொன்ரிபிராக்ட்: ஊரவர்கள் இடிக்கச் சொன்ன கோட்டை

கோட்டைகளை எதிரிகள்தான் இடிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். இங்கிலாந்தின் மேற்கு யோர்க்சயரில் உள்ள பொன்ரிபிராக்ட் கோட்டையை இடித்துவிடுமாறு மனுக் கொடுத்தவர்கள், அதன் நிழலில் வாழ்ந்த நகர மக்கள்.

நோர்மன் பிரபுவான இல்பேர்ட் டி லாசி 1070 அளவில் இங்கே அரண் அமைத்தார். பின்னர் அது பெரும் கற்கோட்டையாக வளர்ந்தது. பதவி பறிக்கப்பட்ட மன்னர் இரண்டாம் றிச்சர்ட் 1400 இல் இங்கேதான் இறந்தார். பட்டினி போட்டுக் கொன்றார்கள் என்பது பரவலான நம்பிக்கை. அரச கதைகளை விரும்புவோர் இதைத்தான் அதிகம் பேசுவார்கள். எனக்கு முக்கியமாகப்பட்டது அதற்கு இரண்டரை நூற்றாண்டுகளுக்குப் பின் நடந்தது.

மன்னர் முதலாம் சாள்ஸுக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையிலான உள்நாட்டுப் போரில், 1644 டிசம்பருக்கும் 1649 மார்ச்சுக்கும் இடையே இக்கோட்டை மூன்று தடவைகள் முற்றுகையிடப்பட்டது. உள்ளே மன்னர் தரப்பு, வெளியே நாடாளுமன்றப் படை, நடுவில் ஊர். கோட்டையின் கீழே இருந்த சகல புனிதர் தேவாலயம் சிதைந்துபோனது. இன்றும் அதன் பெரும்பகுதிக்குக் கூரை இல்லை. 1649 ஜனவரி 30 இல் மன்னரின் தலை வெட்டப்பட்ட பிறகும் உள்ளே இருந்தவர்கள் பணியவில்லை. அவருடைய மகனின் பெயரில் நாணயம் அடித்துக்கொண்டு இன்னும் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் தாக்குப்பிடித்தார்கள்.

கோட்டை நின்றால் நாலாவது முற்றுகையும் வரலாம். மூன்றைக் கண்ட மக்களுக்கு அது போதாதா? நாடாளுமன்றம் சம்மதித்தது. ஏப்ரலில் இடிப்பு தொடங்கியது. ஈயமும் மரமும் கல்லும் விலைக்குப் போயின. வெறுமையான முற்றத்தில் பின்னர் அதிமதுரம் பயிரிட்டார்கள். அந்த ஊரின் கறுப்பு அதிமதுர மிட்டாயில் இப்போதும் கோட்டையின் உருவம் பொறிக்கப்படுகிறது.

இன்று நிற்பவை பிரதான கோபுரத்தின் அடிப்பகுதியும் சில சுவர்த் துண்டுகளும்தான். ஆனால் முற்றத்தின் அடியில், பாறையைக் குடைந்து அமைத்த நிலவறை அப்படியே இருக்கிறது. வழிகாட்டியுடன் மட்டுமே இறங்கலாம். ஆதியில் களஞ்சியம், போரில் வெடிமருந்துக் கிடங்கு, பிறகு சிறை. அங்கே அடைக்கப்பட்டவர்கள் சுவரில் தங்கள் பெயர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். ஜோன் கிராண்ட், 1648 என்று ஒன்று. மற்றவற்றை வழிகாட்டி விளக்கைச் சாய்த்துப் பிடித்து ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினார். எங்கள் குழுவில் எவரும் அவசரப்படவில்லை.