டாக்டர் மானும் ஈயக் குண்டுகளும்

பி.காம் படிக்கிறவனுக்கும் துப்பாக்கிக் குண்டுக்கும் என்னடா சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஒன்றும் இல்லை. துப்பாக்கியைக் கையால் தொட்டதுகூட இல்லை. காஸ்ட் அக்கவுண்டிங் பரீட்சைக்குப் படிக்க உட்கார்ந்து, எதையோ தேடப்போய், 1909-ல் நியூயார்க்கில் வெளியான ஒரு புத்தகத்தில் மாட்டிக்கொண்டேன். 'தி புல்லட்ஸ் ஃப்ளைட் ஃப்ரம் பவுடர் டு டார்கெட்' என்று பெயர். எழுதியவர் பிராங்க்ளின் மான். வேட்டைத் துப்பாக்கியை ஆராய்ந்தவர் பெயர் மான்! சிரித்துவிட்டு மேலே வாருங்கள்.

முதலில் அந்தக் காலத்துக் கதை. 1800-களின் கடைசியில் அமெரிக்காவில் பல வேட்டைக்காரர்கள் குண்டைக் கடையில் வாங்குவதில்லை. வீட்டு அடுப்பிலேயே காரீயத்தை உருக்கி அச்சில் ஊற்றி எடுத்துக்கொள்வார்கள். (ஈயச் சொம்பில் ரசம் வைப்பார்களே, அது வெள்ளீயம். இது காரீயம். இரண்டையும் குழப்பிக்கொண்டு ரசம் வைத்துவிடாதீர்கள், காரீயம் விஷம்.) காரீயம் 327 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும் என்பதால் வீட்டில் செய்வது பெரிய காரியமில்லை. ரொம்ப மிருதுவாக இருக்கிறதென்று இருபது, முப்பது பங்குக்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்ப்பார்கள். நியூ ஹேவனில் ஜான் பார்லோ நடத்திய ஐடியல் கம்பெனி இதற்கான அச்சுகளையும் கருவிகளையும் விற்றே பிழைத்தது. புகழ்பெற்ற வின்செஸ்டர் 1894 துப்பாக்கிகூட முதலில் .32-40, .38-55 என்ற இரண்டு அளவுகளில்தான் வந்தது. இரண்டுமே ஈயக் குண்டுக்கென்று பிறந்த அளவுகள்.

குண்டு வார்த்தாயிற்று. நன்றாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நூறு கெஜத்தில் ஒரு காகிதத்தைக் கட்டிவிட்டுப் பத்துத் தடவை சுட்டுப் பார்க்க வேண்டியதுதான். பத்தும் ஒரே ஓட்டையில் போகாது. சிதறும். ஏன் சிதறுகிறது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். கை நடுக்கம், காற்று, மருந்து, வெயில். காரணம் சொல்ல ஆள் நிறைய, நிரூபிக்க ஆள் இல்லை.

இங்கேதான் நம்ம டாக்டர் வருகிறார். மாசசூசெட்ஸ் மாநிலம் மில்ஃபோர்டில் இருந்தவர். மருத்துவம் படித்தவர், ஆனால் பணம் வந்தது வைத்தியத்தில் இல்லை. கோழித் தீவனத்துக்காகப் பச்சை எலும்பை நறுக்கும் ஒரு மெஷினைக் கண்டுபிடித்து விற்றார். கோழிக்கு எலும்பு நறுக்கிச் சம்பாதித்த காசில் துப்பாக்கிக் குண்டு ஆராய்ச்சி! எந்த மேனேஜ்மெண்ட் புத்தகத்திலும் இப்படி ஒரு கேஸ் ஸ்டடி நான் படித்ததில்லை.

அவர் செய்த முதல் வேலை மனிதனைக் கணக்கிலிருந்து நீக்கியது. தோளில் வைத்துச் சுட்டால் எப்போதும் ஆள் மேல் பழி விழும். ஆகவே சொந்தமாக ஒரு சுடும் தளம் அமைத்து, கான்கிரீட்டில் கனமான ஒரு தூண் எழுப்பினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'ஷூட்டிங் ஜிப்ரால்டர்'. அதன் மேல் 'வி' எழுத்து வடிவத்தில் ஒரு பள்ளம். துப்பாக்கியின் கட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறும் குழலை வளையங்கள் மாட்டி அந்தப் பள்ளத்தில் வைத்துச் சுட்டார். தோளும் இல்லை, கண்ணும் இல்லை, நடுக்கமும் இல்லை.

அப்படியும் குண்டுகள் சிதறின.

அந்த ராத்திரி அவருக்குத் தூக்கம் வந்திருக்குமா என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு வந்திருக்காது. இருப்பாய்வு டேலி ஆகாவிட்டால் என்ன செய்வோம்? வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போட்டுவிட்டு அப்புறம் தேடுவோம். டாக்டரும் அதையேதான் செய்தார். விளங்காத பிழைக்கு 'எக்ஸ் எரர்' என்று பெயர் வைத்துவிட்டு, வருஷக்கணக்கில் அதை உடைத்துக்கொண்டே இருந்தார்.

உடைத்த விதம்தான் அழகு. நல்ல குண்டை வேண்டுமென்றே கெடுத்தார். மூக்கைச் சிதைத்துச் சுட்டார். பெரிய பாதிப்பு இல்லை! எல்லோரும் முனைதான் முக்கியம் என்று நினைப்போம், இல்லையா? அடிப்பாகத்தில் ஒரு ஓரத்தைச் சீவிவிட்டுச் சுட்டார். குண்டு எங்கேயோ போனது. குண்டு குழல் வாயை விட்டு வெளியேறும் நொடியில், சீவிய பக்கமாகத்தான் வாயு முந்திக்கொண்டு பீறிடும், குண்டைத் தள்ளிவிடும். சீவிய ஓரத்தை மேலே, கீழே, பக்கவாட்டில் என்று திருப்பித் திருப்பி வைத்துச் சுட்டபோது, குண்டு விலகும் திசையும் கணக்காக மாறியது. குண்டின் பக்கத்தில் துளை போட்டு எடையைக் கோணலாக்கியும் பார்த்தார். வழிநெடுக மெல்லிய காகிதத் திரைகளைக் கட்டி, குண்டு எங்கெங்கே ஆடியது என்று ஓட்டைகளை வைத்துப் படித்தார். சுட்ட குண்டுகளை மரத்தூளில் பிடித்து எடுத்துப் பார்த்ததில் இன்னொரு விஷயம் தெரிந்தது. மருந்து வெடிக்கிற அடியில் மிருதுவான ஈயம் குழலுக்குள்ளேயே நசுங்கிக் குட்டையாகிறது. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி நசுங்கினால் பரவாயில்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்தால் எடை மையம் நடுவில் இருக்காது. வீட்டில் எத்தனை பார்த்துப் பார்த்து வார்த்திருந்தாலும், வெளியே வருவது வேறு குண்டு.

அவருக்குக் குழல் செய்து கொடுத்தவர் ஹாரி போப். அந்தக் காலத்துத் துப்பாக்கிப் பிரியர்கள் சாமி மாதிரி கொண்டாடிய ஆள். (பாவம், 1906-ல் சான் பிரான்சிஸ்கோவில் கடை போட்டார், போட்ட கையோடு பூகம்பத்தில் போனது.) போப் தன் அச்சுகளில் ஈயத்தை அடிப்பக்கமாக ஊற்றாமல் முனைப்பக்கமாக ஊற்றுகிற மாதிரி செய்தார். ஊற்றிய வடு அடியில் விழக்கூடாது என்பதற்காக. பழக்கத்தில் கண்டுகொண்டதை அவர் செய்தார், இது ஏன் சரி என்பதை டாக்டர் காட்டினார். பார்லோவும் சும்மா இல்லை. புகையில்லா மருந்தின் சூட்டிலிருந்து காப்பாற்ற, குண்டின் அடியில் மாட்டும் சின்ன செம்புக் கிண்ணத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஆக, எல்லோரும் கடைசியில் அடியைத்தான் பார்த்துக்கொண்டார்கள்.

எனக்கு இந்தப் புத்தகத்தில் பிடித்தது வேறு. தேறாத சோதனைகளையும் அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். போன வருஷம் எங்கள் ப்ராஜெக்டுக்கு ஐம்பது பேரிடம் கேள்வித்தாள் நிரப்ப வேண்டும். முப்பத்தோரு பேர் கிடைத்தார்கள். மீதிப் பத்தொன்பதை ஹாஸ்டல் ரூமில் வேறு வேறு பேனாவில் நாங்களே நிரப்பினோம். நல்ல மார்க் வந்தது. இதைப் படிக்கும்வரை அது எனக்கு உறுத்தவே இல்லை.

டாக்டர் மான் 1916-ல் இறந்தார். புத்தகம் வந்த பிறகும் சுட்டுக்கொண்டுதான் இருந்தார், எக்ஸ் எரர் முழுசாகத் தீரவில்லை. தோட்டாக்களைச் சோதிக்க அமெரிக்க ராணுவம் பயன்படுத்திய கனத்த சோதனைக் குழலுக்கு அவர் பெயரையே வைத்து 'மான் பேரல்' என்றார்கள். எலும்பு நறுக்கும் மெஷின்களின் பழைய விளம்பரங்களும் தேடினால் கிடைக்கின்றன.