நுளம்புக் கடியும் நாட்டு வரலாறும்

திருகோணமலை நகரிலிருந்து புல்மோட்டை வீதிவழியே வடக்கு நோக்கிச் செல்வோர், கோணேசபுரியில் அமைந்துள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தையும் நிலாவெளியையும் கடந்து இறக்கக்கண்டியை அடைவர். ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு. பொழுது சாய்ந்தபின் இக்கரையில் அரைமணி நேரம் வெறுங்காலுடன் அமர்ந்திருந்தவர்க்கு இக்கட்டுரையின் பொருள்பற்றிய முன்னுரை வேண்டியதில்லை. வளாக விடுதியில் மாணவரைக் கடிக்கும் நுளம்பு வரலாற்று ஆய்வுக்கு உரிய பொருளாகுமா என்று நகைப்போரும் உளர். மன்னர்க்கும் தேசாதிபதிகளுக்கும் நாம் ஒதுக்கிய பக்கங்களுள் ஒன்றிரண்டையேனும் நுளம்புக்கு ஒதுக்கியிருப்பின் இந்நாட்டு வரலாற்றை இன்னும் தெளிவாக அறிந்திருப்போம் என்பது எமது கருத்து.

மலேரியாக் கிருமி நுளம்பினுள் வளர்வதை றொனால்ட் றொஸ் 1897ஆம் ஆண்டு ஓகத்து மாதத்திற் செக்கந்தராபாத்திற் கண்டறிந்தார். ஆயின் நுளம்பினம் பல. அவற்றுள் நோய்காவும் இனங்கள் சில. இலங்கையில் அப்பழிக்கு முதன்மையாக உரியது அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்பதை எச். எப். காட்டர் முதலிய ஆய்வாளர் 1920களில் நிலைநாட்டினர். ஆறுகளும் ஓடைகளும் வற்றும்போது மணற்படுகையில் தேங்கும் தெளிந்த, வெயில் படும் நீரிலே இதன் குடம்பிகள் வளரும். இதனினும் வியப்பானது இதன் உணவு விருப்பம். குருதியுண்ட நுளம்பின் வயிற்றைச் சோதித்து, அக்குருதி எவ்வுயிர்க்கு உரியது என்று காணும் முறையொன்று உண்டு. அவ்வாறு நோக்கியபோது இந்நுளம்பு பெரிதும் நாடுவது மாட்டையே என்பது புலனாயிற்று. மனிதனைக் கடிப்பது இதற்கு இரண்டாம்பட்சம்.

மாட்டை விரும்பும் நுளம்பு மனிதரை ஆயிரக்கணக்கிற் கொன்றது எங்ஙனம்? விடை எளிய கணக்கொன்றிலே உள்ளது. நோய் பரவுவதற்கு ஒரே நுளம்பு மனிதனை இருமுறை கடித்தல் வேண்டும். கிருமியைப் பெறுவதற்கு ஒருமுறை, ஏறத்தாழ இரு வாரத்தின்பின் அதனைப் பிறிதொருவர்க்கு அளிப்பதற்கு மறுமுறை. எனவே பரவும் ஆற்றல் மனிதனைக் கடிக்கும் இயல்பின் வர்க்கத்தைப் பொறுத்தது என ஜோர்ஜ் மக்டொனால்ட் விளக்கினார். பத்துக் கடியில் ஒன்றே மனிதன்மேல் விழுமாயின் ஆற்றல் பத்திலொன்றாகக் குறைவதில்லை, நூறிலொன்றாகக் குறைகிறது. ஆகையாற் சாதாரண ஆண்டுகளிலே ஈர வலயத்தில் நோய் அடங்கியிருக்கும். மக்களும் நிர்ப்பீடனம் பெறார். நுளம்பின் தொகை பன்மடங்கு பெருகும் ஆண்டொன்று வரும்போதோ, காப்பற்ற மக்கள் அனைவரும் ஒருங்கே வீழ்வர். ஆபிரிக்காவின் பல பகுதிகளில் மனிதக் குருதியையே நாடும் நுளம்பு ஆண்டுதோறும் ஓயாது நோயைப் பரப்புவதையும், இங்கோ நோய் பதுங்கியிருந்து பாய்வதையும் இவ்வேறுபாடே விளக்குகின்றது.

1934ஆம் ஆண்டு அவ்வாறு வந்தது. தென்மேற்குப் பருவக்காற்று பொய்த்தது. மகா ஓயா, தெதுறு ஓயா, களனி, மகாவலி ஆகியன வற்றிக் குட்டைகளாயின. எப்போதும் நீர் பெருகியோடும் கேகாலை, குருணாகல் மாவட்டங்களிலே அக்குட்டைகள் நுளம்பின் விளைநிலமாயின. அவ்வாண்டு இறுதியில் தொடங்கிய கொள்ளைநோய் அடுத்த ஆண்டின் முற்பகுதிவரை நீடித்து, ஏறத்தாழ 80,000 உயிர்களைக் குடித்தது. அக்காலத்து நிருவாகத்தின் பொறுப்பு வேறோர் ஆராய்ச்சிக்கு உரியது. எனினும் பஞ்சமும் பசியும் காய்ச்சலோடு கைகோத்தே இறப்பைப் பெருக்கின என்பதை மறத்தலாகாது. சூரியமல் இயக்கத்து இளைஞர் அம்மாவட்டங்களில் உணவும் மருந்தும் சுமந்து சென்றனர், என். எம். பெரேரா முதலியோரின் அரசியற் செல்வாக்குக்கும் 1935 டிசெம்பரில் உருவான இலங்கைச் சமசமாசக் கட்சிக்கும் அப்பணி அடித்தளங்களுள் ஒன்றாயிற்று. இந்நாட்டு இடதுசாரி அரசியலின் வரலாற்றிலும் நுளம்புக்கு இடமுண்டு!

இனி, உலர் வலயத்தைச் சேர்ந்த திருகோணமலைப் பகுதியை நோக்குவோம். 1934-35இன் பேரழிவு ஈர வலயத்தின் விளிம்பிலேதான் கடுமையாய் இருந்தது. உலர் வலயம் ஒப்பளவிற் குறைவாகவே துன்புற்றது. இதனை நற்பேறு என எண்ணுதல் பிழை. இங்கே நோய் ஆண்டுதோறும் வந்தது. பிழைத்தவர் நிர்ப்பீடனம் பெற்றனர். அந்நிர்ப்பீடனத்தின் விலையைச் செலுத்தியவர் குழந்தைகள். உலர் வலயக் கிராமங்களிற் பெருத்த மண்ணீரலுடன் திரிந்த சிறுவர் தொகையைக் கொண்டே அக்கால மருத்துவர் நோயின் கடுமையை அளந்தனர். கொள்ளைநோய்க்குத் தனி அறிக்கைகள் எழுந்தன. கேணல் கில் என்பாரின் அறிக்கை அவற்றுள் ஒன்று. ஆண்டுதோறும் ஊருக்கு இரண்டு மூன்றாக நிகழ்ந்த குழந்தைச் சாவுகளோ அத்தகைய அறிக்கை எதனையும் பெறவில்லை. வரலாறு எழுதுவோர் திடீரெனப் பெருகும் சாவை எண்ணுவர். வழக்கமாகிவிட்ட சாவை எண்ணார்.

போர் முடிவில் டி.டி.ரி. மருந்து வந்தது. அது கடியைத் தடுப்பதன்று என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. குருதி நிறைந்த நுளம்பு பறக்கமாட்டாது வீட்டுச் சுவரில் ஓய்ந்திருக்கும். அச்சுவரிலே நஞ்சைப் பூசினால் அது இரண்டாம் கடிக்கு உயிருடன் இராது. மக்டொனால்டின் கணக்கிலுள்ள இரண்டாவது கடியை அறுத்தெறிந்த உத்தி இது. 1946இல் ஆயிரவர்க்கு 20 அளவில் இருந்த இறப்பு வீதம் 1947இல் ஏறத்தாழ 14 ஆகக் குறைந்தது. இவ்வீழ்ச்சி முழுவதும் மருந்தின் விளைவா, உணவு நிலையும் மருத்துவ வசதியும் மேம்பட்டதன் விளைவா என்று குடித்தொகை அறிஞர் நெடுநாள் வாதிட்டனர். இரண்டும் பங்குகொண்டன என்பதே எமது துணிபு. எனினும் நோய் மிகுந்த மாவட்டங்களிலேயே வீழ்ச்சி பெரிதாயிருந்தமை மருந்தின் பங்கைச் சிறிதென்று தள்ளவிடாது.

1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே காணப்பட்டனர். வெற்றி நிச்சயமென மருந்தடிப்பு நிறுத்தப்பட்டது. மழை மீண்டும் பொய்த்தது. 1969இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. அதற்குள் நுளம்பும் டி.டி.ரி.யைத் தாங்கக் கற்றுவிட்டது.

இவ்விடத்தில், எந்த நூலும் பெயர் கூறாத மனிதர் சிலரை நினைவுகூர விரும்புகின்றோம். நுளம்பு எத்தனை மணிக்குக் கடிக்கிறது, வீட்டினுள்ளா வெளியிலா, மணிக்கு எத்தனை என்பவற்றை அறிதற்கு ஒரே நேர்வழி, ஒருவர் இரவு முழுவதும் காலை நீட்டி அமர்ந்திருத்தலே. முழங்கால்வரை துணியை மடித்துவிட்டு, கைவிளக்கும் உறிஞ்சு குழாயும் ஏந்தி, காலில் வந்தமரும் நுளம்பைக் கடிக்குமுன் குழாயினுள் உறிஞ்சி, மணிவாரியாகக் குப்பியில் அடைத்துப் பெயரிட்டு வைப்பர். அருகே வலைக்குள் ஒரு மாடு கட்டப்பட்டிருக்கும். மனிதனுக்கும் மாட்டுக்கும் வந்த நுளம்புகளை ஒப்பிடுவதற்காக. மலேரியாத் தடை இயக்கத்தின் ஊழியரும் ஆய்வாளர்க்குத் துணைநின்ற கிராமத்தவரும் இவ்வாறு கழித்த இரவுகள் எண்ணற்றவை. நாம் அட்டவணையாகப் படிக்கும் ஒவ்வோர் எண்ணும் ஒருவர் காலில் வந்தமர்ந்தது.

உள்நாட்டுப் போரின் நடுவிலும் வடகிழக்கில் இப்பணி முற்றாக அறுந்துவிடவில்லை. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையை அழித்தபோது மலேரியா பெருகுமெனப் பலர் அஞ்சினர், அது நிகழவில்லை. உள்நாட்டிலே தொற்றிய மலேரியா 2012 ஒக்டோபரின் பின் காணப்படவில்லை. 2016 செப்ரெம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியாவற்ற நாடெனச் சான்றளித்தது. அவ்வாண்டின் இறுதியிலேயே, கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் வளரும் அனோபிலிஸ் ஸ்ரெபென்சி என்னும் இந்திய நகர்ப்புற நுளம்பு மன்னார்த் தீவிற் கண்டுபிடிக்கப்பட்டது.

அதற்கு முன்பே மற்றொரு நுளம்பு இங்கே குடியேறிவிட்டது. டெங்கைக் காவும் ஏடிஸ் எஜிப்தி மாட்டை நாடாது, மனிதனையே நாடும். இரவிற் கடியாது; காலையிலும் பிற்பகலிலும் கடிக்கும். ஒரே உணவுக்காகப் பலரைத் தொட்டுத் தொட்டுக் கடிக்கும். 2017இல் நாடளாவ 1,86,000இற்கு மேற்பட்டோர் டெங்குக்கு ஆளாயினர். அவ்வாண்டின் தொடக்கத்திலே கிண்ணியா பட்ட துயரை இம்மாவட்டத்தார் மறவார். நன்னீரில் மட்டுமே வளரும் என நம்பப்பட்ட ஏடிஸ் குடம்பிகள் கிழக்குக் கரையிலும் யாழ்ப்பாணத்திலும் உவர்நீரிலே வளர்வதை ரஞ்சன் இராமசாமி, சுரேந்திரன் முதலிய ஆய்வாளர் கண்டு 2011 முதல் வெளியிட்டனர். பயனற்ற கிணறும் கரையேற்றிக் கைவிட்ட தோணியும் போதும். இறக்கக்கண்டிபோன்ற களப்போர ஊர்கள் இச்செய்தியைப் புறக்கணித்தல் இயலாது.

விடுதியில் இரவு வலைகட்டி உறங்கும் மாணவன் பிற்பகல் விரிவுரை மண்டபத்தில் மேசைக்கடியிற் கடிபடுகிறான். அக்கடியை அளத்தற்கு முன்னோரின் முறையும் உதவாது. மலேரியாவுக்குத் தடுப்பு மாத்திரை கொடுத்து ஒருவரைக் காலை நீட்டி அமரச் செய்தல் கூடியதாயிருந்தது. டெங்குக்கு அத்தகைய மாத்திரை இல்லையாதலால் அவ்வாறு அமருமாறு எவரையும் கேட்டல் தகாது. ஆகவே கடியை விடுத்து, ரயரிலும் சிரட்டையிலும் பூச்சாடித் தட்டிலும் நெளியும் குடம்பிகளையே பரிசோதகர் எண்ணிச் செல்கின்றனர்.