வேதநாயக சாத்திரியாரும் இறைவன் சித்தமும்

1. சொல்லும் பொருளும்

தமிழ்க் கிறித்தவ இலக்கியங்களைப் பயில்வோர் அடிக்கடி எதிர்கொள்ளும் சொற்களுள் ஒன்று ‘சித்தம்’ என்பது. வடசொல்லாகிய இது மனம் என்னும் பொருளிலேயே பெரும்பாலும் நம் பழைய நூல்களில் வழங்கிற்று. சீர்திருத்தச் சபையாரின் விவிலிய மொழிபெயர்ப்புகளில் இச்சொல் இறைவனது விருப்பம், இறைவன் கொண்ட கருத்து என்னும் பொருளை ஏற்று நிலைபெற்றது. கத்தோலிக்கத் திருச்சபையார் இன்று ‘திருவுளம்’ என்னும் சொல்லை ஆள்கின்றனர். இரண்டு சொற்களும் சுட்டுவது ஒன்றே: துன்பம் நேருங்கால் மனிதன் தன் விருப்பத்தை விடுத்து இறைவன் விருப்பத்திற்கு இசைதல்.

இவ்விசைவினை ஊழுக்கு அடங்குதலோடு ஒன்றாகக் கருதுவாரும் உளர். அக்கருத்துப் பொருந்தாது என்பதே நம் துணிபு. ஊழ் என்பது ஒரு நியதி. அதற்குச் செவியில்லை. அதனிடம் முறையிடுவார் இலர். வள்ளுவர் அறத்துப்பாலின் இறுதியில் ஊழின் வலிமையைக் கூறிப் பொருட்பாலில் ஆள்வினையுடைமையை வைத்தார். முயற்சியால் ஊழை எதிர்க்கலாம் என்பதன்றி, ஊழோடு பேசலாம் என்று அவர் கூறினாரல்லர். சித்தமோ ஒருவருடைய சித்தம். அவரிடம் பேசலாம். கேட்கலாம். அழலாம். வழக்காடவும் செய்யலாம். விவிலியத்தில் யோபு வழக்காடினான். திருப்பாடல்களுள் பல புலம்பல்களே. கெத்செமனே தோட்டத்தில் இயேசு பெருமான் தம் துன்பக் கிண்ணம் நீங்குமாறு மும்முறை வேண்டிக்கொண்ட பின்னரே தந்தையின் விருப்பத்திற்குத் தம்மை ஒப்புக்கொடுத்தார். ஆகவே கிறித்தவ நெறியில் இசைவு என்பது முறையீட்டுக்குப் பின்வருவது. அதனை விலக்கி நிற்பதன்று.

இக்கருத்துத் தமிழ் மண்ணில் எவ்வாறு வாழ்வாக மலர்ந்தது, எங்கே இடறிற்று என்பதனைத் தஞ்சை வேதநாயக சாத்திரியார் (1774-1864) வரலாற்றின் வழியே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். அவரைப் புகழ்ந்துரைக்கும் நூல்கள் பலவுள. அவரது வாழ்வின் ஒரு பகுதியை அவை விரைந்து கடந்துவிடுகின்றன. அப்பகுதியையும் உடன்வைத்து நோக்கினாலன்றி, அவர் பாடிய அடைக்கலத்தின் பொருள் நமக்கு முழுமையாக விளங்காது.

2. இளமையும் கல்வியும்

சாத்திரியார் 1774-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 7-ஆம் நாள் பாளையங்கோட்டையில் வேளாளர் குடியிற் பிறந்தார். தந்தையார் தேவசகாயம் பிள்ளை தாமும் தமிழ்ப் புலமை வாய்ந்தவர். தஞ்சையில் சமயப் பணியாற்றிய செருமானிய நாட்டுச் சுவார்ச்சு ஐயர் நெல்லைச் சீமைக்கு வந்தபோது சிறுவரின் அறிவுத்திறம் கண்டு, பன்னிரண்டு வயதளவில் அவரைத் தஞ்சைக்கு அழைத்துச் சென்று வளர்த்தார். தஞ்சை அரசர் துளசாவின் சுவீகார மைந்தராகிய சரபோசியும் அப்பெரியாரின் பாதுகாப்பிலேயே கல்வி கற்றார். பின்னாளில் அரசரும் புலவருமாக விளங்கிய இருவர் ஓராசிரியரின் அன்பிற்குரியராய் இருந்தமை இவ்வரலாற்றுக்கு இன்றியமையாத செய்தியாகும்.

சாத்திரியார் தரங்கம்பாடியிலும் சில காலம் தங்கிக் கற்றார். அங்கிருந்த அறிஞர்களிடம் சமயக் கல்வியோடு வானநூல், உடற்கூறு முதலிய புதிய கலைகளையும் பயின்றார். இருபது வயதளவில் தஞ்சையில் உபதேசியார்களைப் பயிற்றும் பள்ளியின் தலைமை ஆசிரியரானார். 1798-இல் சுவார்ச்சு ஐயர் காலமானார். அவ்வாண்டிலேயே சரபோசி அரியணை ஏறினார். அடுத்த ஆண்டில் ஆட்சியதிகாரத்தின் பெரும்பகுதி கிழக்கிந்தியக் கும்பினியார் கைக்குச் சென்றது. தந்தையை ஒத்த ஆசிரியரை இழந்த இளைஞர், நாடும் நிலைமாறிய அக்காலத்திலேதான் தம் தலைசிறந்த நூலை ஆக்கினார். 1800-இல் தோன்றிய பெத்தலகேம் குறவஞ்சியே அது.

இந்நூலில் கொப்பர்னிக்கசு கண்ட ஞாயிற்று மண்டல அமைப்பும் நிலநூற் செய்திகளும் இடம்பெற்றிருப்பதனை ஆய்வாளர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். நாம் நோக்க வேண்டுவது பிறிதொன்று. குறவஞ்சி என்னும் இலக்கிய வகையில் தலைவனது உலாவைக் கண்ட தலைவி காதல் நோயுற்று வருந்துவாள். குறத்தி வந்து குறி கூறி ஆற்றுவாள். இந்நூலின் தலைவன் கிறித்து. தலைவி தேவமோகினி, இறைவனை நாடும் திருச்சபையின் உருவகம். குறி கூறும் குறத்தியாக வருவது விசுவாசம். தலைவி தன் துயரை மறைக்கவில்லை. வாய்விட்டு உரைக்கின்றாள். அவளது துயரை விசுவாசம் இகழவும் இல்லை. கையைப் பற்றிக் குறி பார்த்து, தலைவன் வருவான் என்று உறுதி கூறுகின்றது. துயரை உரைத்தலும் நம்பிக்கையோடு காத்திருத்தலும் ஒருங்கே நிற்கும் நிலை இங்குக் காட்டப்படுகின்றது. இறைசித்தத்திற்கு இசைதல் வாய்மூடியிருத்தல் அன்று என்னும் உண்மையைப் புலவர் நம் அகப்பொருள் மரபின் துணைகொண்டே நிறுவிவிட்டார் எனலாம்.

இதனை வீரமாமுனிவரின் தேம்பாவணியோடு ஒப்பிட்டு நோக்குதல் பயன் தரும். 1726-இல் அமைந்த அப்பெருங்காப்பியத்தின் தலைவன் வளன் என்னும் சூசையப்பர். நற்செய்தி நூல்களில் அவர் ஒரு சொல்லும் பேசுவதில்லை. கனவில் கேட்ட கட்டளைப்படி எழுந்து குழந்தையோடும் தாயோடும் எகிப்துக்குச் செல்கின்றார். பேசாது பணிந்த ஒருவரைக் காப்பியத் தலைவராக்கியது முனிவரின் துணிவு. பேசிக்கொண்டே பணியும் உள்ளத்தைச் சிற்றிலக்கியத் தலைவியாக்கியது சாத்திரியாரின் தனித்தன்மை. இரண்டும் ஒரு நெறியின் இரு முகங்கள்.

3. அரசரவையில் ஒரு மறுப்பு

சரபோசி கலைகளைப் போற்றிய மன்னர். அவர் மீது கோட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் பாடிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சி தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் நடிக்கப்பெற்றது. அத்தகைய அவைச் சூழலில், தம் தெய்வத்தின் மீதும் ஒரு நூல் பாடித் தருமாறு அரசர் தம் இளமைத் தோழரை வேண்டினார் என்றும், சாத்திரியார் கிறித்துவையன்றிப் பிறரைப் பாடுதற்கு இசையவில்லை என்றும் ஒரு செய்தி வழிவழியாக வழங்கி வருகின்றது. செவிவழிச் செய்தியாயினும் அது அவரது இயல்புக்கு முரணானதன்று.

இங்கு நாம் காண்பது ஓர் அருமையான வேறுபாடு. இறைவனுக்கு இசைந்தவர் அரசனுக்கு இசையவில்லை. ‘எல்லாம் அவன் சித்தம்’ என்று கூறி, ஆளுவோர் கேட்டதையெல்லாம் செய்து முடிப்பது எளிது. மேலான ஒரு சித்தத்தைத் தேர்ந்தவர், கீழான சித்தங்களுக்கு ‘இல்லை’ என்று கூறும் உரிமையையும் பெறுகின்றார். அரசரும் அதனைப் பகையாகக் கொண்டிலர். புலவர் வறுமையுற்ற காலத்தில் அவரை ஆதரித்தவர் அவ்வரசரே என்பதைப் பின்னர்க் காண்போம்.

4. திருச்சபைக்குள் எழுந்த பூசல்

சுவார்ச்சு ஐயருக்குப் பின் அவரால் வளர்க்கப்பெற்ற கோலாப்பு ஐயர் தஞ்சைச் சபையைப் பழைய முறையிலேயே பேணிவந்தார். 1820-ஐ அடுத்த ஆண்டுகளில் புதிய சமயத் தொண்டர்கள் வந்தனர். பழைய வழக்கங்களை மாற்ற முற்பட்டனர். பப்ரீசியசு ஐயரின் விவிலிய மொழிபெயர்ப்பை நீக்கி, இரேனியுசு ஐயர் செய்த புதிய மொழிபெயர்ப்பைப் புகுத்துதல். திருமணத்திலும் அடக்கச் சடங்கிலும் மலர் முதலிய அணிகளை விலக்குதல். வழிபாட்டில் தமிழிசைப் பாடல்களை ஒழித்தல். கோயிலில் சாதிவாரியாக அமர்ந்திருந்தோரை ஒருங்கு கலந்து அமரச் செய்தல் ஆகிய நான்கும் பெரும் பூசலுக்கு வித்தாயின. சாத்திரியார் இந்நான்கனையும் கொடுமைகள் என்று கூறி எழுத்தால் எதிர்த்தார். 1829-இல் தம் பணியினின்றும் நீக்கப்பட்டார்.

ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டு ஆற்றிய பணி ஒரு நாளில் நீங்கியது. ஐம்பத்தைந்து வயதில் வருவாயின்றி நின்ற அவருக்குச் சரபோசி மன்னர் உதவித்தொகை அளித்தார். வளர்த்த சபை தள்ளியது. எவருடைய தெய்வத்தைப் பாட மறுத்தாரோ அவர் ஏற்றுக்கொண்டார். இறைவன் காப்பான் என்று பாடியவருக்கு அக்காப்பு எத்திசையிலிருந்து வந்தது என்பதனை எண்ணுங்கால் வியப்பு மேலிடுகின்றது. ஆனால் அவ்வாதரவும் நெடுங்காலத்ததன்று. 1832-இல் மன்னர் மறைந்தார். 1855-இல் அவர் மகன் சிவாசி ஆண்மகவின்றி இறக்க, தஞ்சை அரசுரிமையும் முடிவுற்றது. அரசு ஒழிந்ததனையும் கண்டு, 1864 சனவரி 24-ஆம் நாள் தம் எண்பத்தொன்பதாம் வயதில் சாத்திரியார் காலமானார்.

5. எவருடைய சித்தம்?

பூசலுக்குக் காரணமான நான்கனுள் மூன்றில் நாம் சாத்திரியாரின் பக்கம் நிற்கத் தயங்கோம். மக்கள் நாவில் ஊறிய மொழிபெயர்ப்பைப் பிடுங்குதலும், தமிழிசையைக் கோயிலினின்று வெளியேற்றுதலும், மணமகள் கூந்தலின் மலரைப் பழித்தலும் நற்செய்தியால் வேண்டப்பட்டன அல்ல. அவை ஐரோப்பியரின் சுவை வேறுபாடுகளே. தம் விருப்பத்தை இறைவன் விருப்பம் என்று எண்ணியது அத்தொண்டர்களின் பிழை.

நான்காவதிலோ நாம் அவருடன் நிற்றற்கியலாது. வேளாளர் ஒருபுறமும் தாழ்த்தப்பட்ட சமூகத்தார் மறுபுறமும் அமரும் முறையை அவர் உலக வழக்கம் என்று கூறிக் காத்தார். சமய உண்மைக்கும் சாதி ஒழுக்கத்திற்கும் தொடர்பில்லை என்பது அவர் வாதம். 1833-இல் கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு முற்றிலும் ஒழிய வேண்டும் எனச் சுற்றறிக்கை விடுத்தார். 1835-இல் தாமே தஞ்சைக்கும் வந்தார். வேளாளக் கிறித்தவர் பலர் அதனை ஏற்க மறுத்தனர். தங்களுக்கு நேர்ந்ததை அவர்கள் விசுவாசத்தின் பொருட்டு வந்த துன்பம் என்றே கருதினர்.

ஈண்டு ஒரு வினா எழுகின்றது. அக்கோயிலின் மறுபுறத்தில் அமர்ந்திருந்தவர் எதனைத் துன்பம் என்று கருதினர்? அவர்கள் எழுதிய நூல் நம் கையில் இல்லை. பாடல் வழங்கும் புலவர்களாக அவர்களை வரலாறு பதிவு செய்யவில்லை. எனினும் ஒரே அப்பத்தை உண்ணும் வழிபாட்டில் தனித்து அமரவைக்கப்படுதல் இறைவன் அனுப்பிய சோதனை என்று கூறுவார் உளரெனில், அவ்வாறு கூறுவதற்கு உரிமையுடையவர் தனித்து அமர்ந்தவரேயன்றி, அமரவைத்தவர் அல்லர். அமரவைத்தவர் கூறின் அது பக்தியன்று, கொடுமையாகும்.

இதுவே நம் ஆய்வின் மையக் கருத்து. இறைசித்தத்திற்கு அடங்குதல் என்பது ஒருவர் தம் துன்பத்தைக் குறித்துத் தாமே கூறத்தக்க சொல். பிறர் துன்பத்தைக் குறித்து, அதனால் பயன்பெறுவோர் கூறத்தக்க சொல்லன்று. வேலையை இழந்து நின்ற சாத்திரியார் ‘இறைவன் பார்த்துக்கொள்வான்’ என்று அமைந்தபோது அச்சொல்லில் உயிர் இருந்தது. அவர் இழந்தது அவருடையது. அயலாரின் இழிவை வழக்கம் என்று அவர் காத்தபோது அந்நெறி அவர் கையினின்று நழுவிற்று.

அவருடைய இசைப்பாடல்களையும் சாதி பற்றிய அவர்தம் உரைநடை எழுத்துகளையும் அடுத்தடுத்து வைத்து நோக்குவோர் இவ்வேறுபாட்டை எளிதில் உணர்வர். பாடல்களில் அவர் இறைவன் முன் நிற்கின்றார். தம் குறைகளைச் சொல்கின்றார், கேட்கின்றார், காத்திருக்கின்றார். உரைநடையிலோ எதிரியின் முன் நிற்கின்றார். அங்கே கேட்பதற்கு ஒன்றுமில்லை. எல்லாம் முன்னரே முடிவு செய்யப்பட்டுவிட்டன. முறையீட்டில் மனிதன் தன் விருப்பத்தை இறைவன் கையில் தருகின்றான். வழக்குரையில் இறைவன் பெயரைத் தன் விருப்பத்திற்குச் சான்றாக எடுத்துக்கொள்கின்றான்.

6. நிறைவாக

சாத்திரியாரைக் குறைகூறுதல் இங்கு நம் கருத்தன்று. அவர் காலத்தில் சாதி முறையைக் காத்தவர் அவர் ஒருவரே அல்லர். தஞ்சையின் பழைய தொண்டர்களும் அதனைப் பொறுத்தே வந்தனர். ஆயினும் அவரது ஒருபக்கத்தை மட்டும் எழுதுதல் அவருக்கு நாம் செய்யும் நன்மையும் ஆகாது. துன்பத்தில் தளராத அவர் நம்பிக்கை மெய்; அயலார் துன்பத்தை அவர் காணாததும் மெய்.

அவருடைய பாடல்கள் இன்றும் தமிழ்த் திருச்சபைகளில் ஒலிக்கின்றன. எந்த வேறுபாட்டை அவர் காக்க முயன்றாரோ, அதன் இருபுறத்தாரின் வழித்தோன்றல்களும் இன்று அப்பாடல்களைப் பாடுகின்றனர். புலவரது வாதத்திற்கு வாய்க்காத வாழ்வு அவரது முறையீட்டுக்கு வாய்த்தது. இறைவன் சித்தம் இன்னது என்று அறுதியிட்டுக் கூறுவது வரலாற்று ஆசிரியனின் தொழில் அன்று. ஆனால் ஒருவர் எதனைத் தம் சித்தமாகப் பற்றிக்கொண்டார், எதனைக் கைவிட்டு இறைவனிடம் ஒப்புவித்தார் என்று பிரித்துக் காட்டுதல் நம் கடமையாகும். அவ்வாறு பிரித்து நோக்கும்போது, நிலைத்து நிற்பது அவர் ஒப்புவித்ததே என்பது புலனாகின்றது.